டெஸ்டர் எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

மொட்டைமாடி | 8 ஜூன் 2024, இரவு 9.40

வீட்டுக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் டெஸ்டர் போதும், மல்டிமீட்டர் எல்லாம் கடைக்காரன் நம் தலையில் கட்டுவது என்பது என் கட்சி. உள்ளே பல்ப் எரிந்தால் கரண்ட் இருக்கு, எரியலைன்னா இல்லை. ஃபேன் மாத்த, சுவிட்ச் மாத்த இதுக்கு மேல என்ன வேணும்? தப்புன்னா எங்கே தப்புன்னு சொல்லுங்க.

காப்பர்கம்பி | 8 ஜூன், இரவு 10.25

எரிந்தால் கரண்ட் என்பது பாதி சரி. எரியாவிட்டால் இல்லை என்பது முழுத் தப்பு.

டெஸ்டருக்குள் பெரிதாக ஒன்றுமில்லை. நுனிக் கம்பி, ஒரு மெகா ஓம் சுமாருக்கு ஒரு ரெசிஸ்டர், நியான் பல்ப், ஸ்பிரிங், தலையில் உலோக மூடி. மூடியில் விரல் வைத்ததும் சர்க்யூட் உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் போய் முடிகிறது. 230 வோல்ட், 1 மெகா ஓம் என்றால் ஓடுவது 0.2 மில்லி ஆம்பியர் சொச்சம்தான். ரெசிஸ்டர் இருக்கும்வரை அது உடம்புக்குத் தெரியாது.

இப்போது எரியாமல் போகும் வழிகளைப் பாருங்கள். பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் நிற்கிறீர்கள், அல்லது காய்ந்த மர ஏணி, தடித்த ரப்பர் செருப்பு: தரைக்குப் பாதை அடைபட்டதால் நியான் முணுக்கென்று மங்கலாகத்தான் எரியும். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரத்தில், அது கண்ணுக்கே தெரியாது. விரல் மூடியில் படாமல் பிளாஸ்டிக்கில் பட்டிருக்கலாம். ஸ்பிரிங் துரு பிடித்திருக்கலாம். டெஸ்டரையே ஸ்க்ரூடிரைவராக வைத்து இறுகிய திருகைத் திருகியதில் உள்ளே ரெசிஸ்டர் உடைந்திருக்கலாம். இத்தனையிலும் கம்பியில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். செத்த டெஸ்டரும் செத்த லைனும் பார்வைக்கு ஒரே மாதிரி.

ஆகவே எப்போதும் மூன்று தொடல். முதலில் கரண்ட் இருப்பது உறுதியான ஒரு பாயின்ட்டில் தொட்டு எரிகிறதா பாருங்கள். பிறகு வேலை செய்யப்போகும் இடம். பிறகு மறுபடி அதே உறுதியான பாயின்ட். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். இரண்டாவது தொடலின்போதே டெஸ்டர் செத்துப்போயிருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பது மூன்றாவது மட்டும்தான்.

மீட்டர்மாமா | 9 ஜூன், காலை 7.05

ஸ்டூல் மேல நின்னா எரியலையா? இன்னொரு கையால சுவரைத் தொடுங்க, பளிச்னு எரியும். நாங்க எல்லாம் அப்படித்தான் பண்றோம்.

காப்பர்கம்பி | 9 ஜூன், காலை 7.50

மாமா, எரியும், மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் டெஸ்டர் கை ஒரு மில்லிமீட்டர் நழுவிக் கம்பியிலோ டெர்மினலிலோ பட்டால், ஒரு கையில் நுழைந்த கரண்ட் நெஞ்சைக் கடந்து மறு கை வழியாகச் சுவருக்குப் போகும். 10 மில்லி ஆம்பியர் தாண்டினாலே பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகும். 30-ஐத் தாண்டி நீடித்தால் இதயத் துடிப்பே குழம்பலாம். மற்ற கை பின்னால் இருக்கட்டும், பாக்கெட்டில் இருக்கட்டும், சுவரில் மட்டும் வேண்டாம். ஸ்டூல் மேல் நின்று பார்க்கவேண்டிய இடத்துக்கு டெஸ்டர் சரியான சாமான் இல்லை, அவ்வளவுதான்.

மொட்டைமாடி | 9 ஜூன், காலை 8.15

அப்போ மெயினை ஆஃப் பண்ணிட்டா ஒரு தொல்லையும் இல்லையே? ஆனா மெயினை ஆஃப் பண்ணிட்டு "உறுதியான பாயின்ட்"டுக்கு எங்கே போறது, பக்கத்து வீட்டுக்கா?

காப்பர்கம்பி | 9 ஜூன், காலை 9.30

நல்ல கேள்வி. ஃபேனைச் சுற்றவிட்டு, அந்த லைனுக்கான எம்.சி.பி.யை (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) மட்டும் இறக்குங்கள். ஃபேன் நிற்கிறதா பாருங்கள். பழைய வீடு, ஃபியூஸ் கட்டை என்றால் அந்த ஒரு கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போடுங்கள். கீழே வைத்தால் யாராவது "ஏன் கரண்ட் இல்லை" என்று எடுத்துச் சொருகிவிடுவார்கள். வேறு எம்.சி.பி.யில் இருக்கும் சாக்கெட் ஒன்று உயிரோடு இருக்கும். அதுதான் உங்கள் பாயின்ட். மூன்று தொடலும் முடிந்தபின் விருப்பப்பட்டால் மெயினையும் இறக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

சுவர் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஃபேனைக் கழற்றாதீர்கள். சுவிட்சை நியூட்ரலில் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) போட்டிருந்தால் ஃபேன் நிற்கும், மேலே ஃபேஸ் (கரண்ட் வரும் கம்பி) அப்படியே இருக்கும். ஆள் இல்லாத நேரத்தில் அவசரமாக வயரிங் செய்த வீடுகளில் இது சர்வசாதாரணம்.

பழையவயர்மேன் | 9 ஜூன், இரவு 8.10

இன்வெர்ட்டரை யாருமே சொல்லவில்லையே. மெயினை இறக்கினால் இன்வெர்ட்டர் லைனுக்கு அது வெறும் பவர்கட். உடனே பேட்டரியில் இருந்து 230 வோல்ட் கிளப்பும். ஃபேனும் டியூப்லைட்டும்தான் வழக்கமாக இன்வெர்ட்டரில் இருக்கும், நீங்கள் கை வைக்கப்போவதும் அதில்தான். இன்வெர்ட்டரின் முன்பக்க பட்டனை அணைப்பது போதாது. சில மாடல்களில் பட்டனை அணைத்தாலும் ஈ.பி. சப்ளை உள்ளே நுழைந்து வெளியே போய்க்கொண்டுதான் இருக்கும். பட்டனை அணைத்து, இன்வெர்ட்டரின் பிளக்கையும் உருவுங்கள். அதன் பிறகு டெஸ்டர்.

இன்னொன்று. சிங்கிள் போல் எம்.சி.பி. வெட்டுவது ஒரே ஒரு கம்பியை. கம்பத்தில் வேலை நடந்தபோது ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிப்போனால், எம்.சி.பி. வெட்டுவது நியூட்ரலை, ஃபேஸ் வீடு முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். அதனால் டெஸ்டரை இரண்டு கம்பியிலும் வைக்கணும். சிவப்பை மட்டும் தொட்டுவிட்டு "இல்லை" என்று சொல்லக்கூடாது.

மொட்டைமாடி | 9 ஜூன், இரவு 8.30

என் கட்சியில் ஆள் குறைஞ்சிட்டே வருது.

அடுக்களைமின் | 10 ஜூன், மதியம் 1.20

சாக்கெட்டில் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரியுது, ஆனா மிக்ஸி ஓடலை. இது என்ன கணக்கு?

காப்பர்கம்பி | 10 ஜூன், மதியம் 2.05

நியூட்ரல் அறுந்திருக்கிறது. நம் சாக்கெட்டை நேரே பார்த்தால் மேலே பெரிய துளை எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல். எங்கோ நியூட்ரல் விட்டுப்போனால், சுவிட்ச் போட்டிருக்கும் ஏதோ ஒரு பல்ப் அல்லது ஃப்ரிட்ஜ் வழியாக ஃபேஸ் நுழைந்து நியூட்ரல் கம்பியில் வந்து நிற்கும். திரும்பிப் போக வழியில்லாததால் எதுவும் ஓடாது, ஆனால் தொட்டால் அடிக்கும்.

உறுதிப்படுத்த, அந்த லைனில் உள்ள எல்லா பிளக்கையும் உருவி, எல்லா சுவிட்சையும் அணையுங்கள். இடது துளையில் வெளிச்சம் போய்விட்டால் நியூட்ரல் கட் என்பது ஏறக்குறைய உறுதி. அப்போதும் எரிந்தால் இரண்டு கம்பிகள் எங்கோ உரசுகின்றன அல்லது இன்வெர்ட்டர் நியூட்ரலில் குழப்பம். அதை நீங்கள் தேடவேண்டாம், வயர்மேன் தேடட்டும்.

த்ரீ ஃபேஸ் வீடு என்றால் இதே அடையாளம் பத்து மடங்கு ஆபத்து. ஒரு அறையில் பல்ப் கண் கூச எரிந்து, இன்னொரு அறையில் மங்கினால் மெயின் நியூட்ரலே போயிருக்கிறது. டி.வி., ஃப்ரிட்ஜுக்கு 230-க்குப் பதில் 300, 350 என்று ஏறும். டெஸ்டரைத் தேடி ஓடாமல் மெயினை இறக்கிவிட்டு மின்வாரியத்துக்குப் போன் போடுங்கள்.

பழையவயர்மேன் | 11 ஜூன், இரவு 9.00

டெஸ்டர் ஒரு கம்பியைத்தான் பார்க்கும். இரண்டு கம்பிக்கும் நடுவே வேலை செய்யக்கூடிய கரண்ட் இருக்கிறதா என்று சொல்ல டெஸ்ட் லாம்ப் வேண்டும். செய்முறை:

60 வாட் குண்டு பல்ப் இரண்டு, ஹோல்டர் இரண்டு, சீரியலில் (ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில்). ஒரே பல்ப் போட்டு செய்யாதீர்கள். டி.பி. பெட்டியில் (எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டி) தெரியாமல் இரண்டு ஃபேஸுக்கு நடுவே வைத்தால் 400 வோல்ட்டுக்கு ஒற்றை பல்ப் முகத்திலேயே வெடிக்கும். இரண்டு போட்டால் ஒரு லாபமும் உண்டு. ஃபேஸ் நியூட்ரல் என்றால் இரண்டும் மங்கலாக எரியும், இரண்டு ஃபேஸ் என்றால் கிட்டத்தட்ட முழு வெளிச்சம். பல்ப் மேல் கம்பிக்கூடு. வயர் இரட்டை இன்சுலேஷன் உள்ள ஃப்ளெக்சிபிள். நுனிக்கு மல்டிமீட்டர் ப்ரோப் வாங்கிப் போடுங்கள், உலோகம் 4 மில்லிமீட்டருக்கு மேல் வெளியே தெரியக்கூடாது. வயரை முறுக்கி அம்மணமாக விட்டு டெஸ்ட் லாம்ப் என்று தூக்கிக்கொண்டு வருகிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

முதலில் நியூட்ரல் பக்கம், அப்புறம் ஃபேஸ். எடுக்கும்போது ஃபேஸை முதலில் எடுக்கணும். மாற்றி வைத்தால் ஃபேஸில் ஒரு நுனி இருக்கும்போது கையில் இருக்கும் மறு நுனியிலும் பல்ப் இழை வழியாக 230 வோல்ட் காத்திருக்கும்.

எர்த் சரியா என்று பார்க்கவும் இதுவே போதும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வையுங்கள், அதே வெளிச்சம் வந்தால் எர்த் ஓகே.

காப்பர்கம்பி | 11 ஜூன், இரவு 10.40

கடைசிப் பத்தி தவிர எல்லாவற்றுக்கும் கை தட்டுகிறேன். கடைசிப் பத்தியில் மூன்று சிக்கல்.

ஒன்று, ஆர்.சி.சி.பி. (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்) உள்ள வீட்டில் ஃபேஸ், எர்த் நடுவே லாம்ப் வைத்த மறு நொடி டிரிப் ஆகும். வீட்டு ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியருக்குள் விழுந்துவிடும், லாம்ப் இழுப்பதோ 150-க்கு மேல். டிரிப் ஆனதைப் பார்த்து "ஷார்ட்" என்று பயப்படவேண்டாம்.

இரண்டு, எர்த் கம்பி குழியோடு சேராமல் அறுந்திருந்தால், நீங்கள் லாம்ப் வழியாக ஃபேஸை எர்த் லைனில் விடுகிறீர்கள். அந்த நொடியில் ஃப்ரிட்ஜ் உடம்பு, வாஷிங் மெஷின் உடம்பு, கீசர் எல்லாம் கரண்டில் நிற்கும். நீங்கள் ஹாலில் சாக்கெட்டை நோண்டும்போது சமையலறையில் ஒருவர் கிரைண்டரைத் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

மூன்றாவதுதான் பெரிது. 60 வாட் பல்ப் சூடாக இருக்கும்போது அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 880 ஓம். எர்த் குழி காய்ந்து 50 ஓம் ஆகியிருக்கிறது என்று வையுங்கள். ஒற்றை பல்ப்பிலேயே 230-க்கு 217 வோல்ட் கிடைக்கும், இரண்டு பல்ப் சீரியலில் வித்தியாசம் இன்னும் குறைவு. கண்ணுக்கு என்ன தெரியும்? ஆனால் அந்த 50 ஓம் எர்த்தில் கீசர் உடம்பு ஃபேஸைத் தொட்டால் 4.6 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். 4.6-க்கு அது ஆயுசுக்கும் அசையாது. பல்ப் பளிச்சென்று எரியும், எர்த்தோ உதவாது. எர்த்தை அளக்க எர்த் டெஸ்டர் கருவி தனியாக உண்டு. வீட்டில் நாம் செய்ய முடிந்தது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டு, மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துவது.

பழையவயர்மேன் | 12 ஜூன், காலை 6.30

இரண்டாவது பாயின்ட் சரி, நான் எழுதியிருக்கணும். மூன்றாவதும் சரி. ஆனா எர்த் அறவே இல்லை என்பதை லாம்ப் காட்டும், அதை எடுத்துவிடாதீர்கள். எரியவே இல்லை என்றால் எர்த் இல்லை.

காப்பர்கம்பி | 12 ஜூன், காலை 6.55

சம்மதம். வீட்டில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது மட்டும்.

யாழ்மின் | 12 ஜூன், மாலை 5.15

எங்கட பக்கம் இப்ப சதுர முள் சொக்கெட்தான் கூட. மேல் ஓட்டைக்குள்ள ஏதாவது தள்ளினால்தான் கீழ் ரெண்டும் திறக்கும். ஆக்கள் பேனை மூடியைத் தள்ளிப்போட்டு டெஸ்டரை விடுறவை. அது சரியோ?

காப்பர்கம்பி | 12 ஜூன், இரவு 9.20

வேண்டாம். மூடி நழுவினால் ஷட்டர் டெஸ்டர் நுனியைக் கவ்விக்கொள்ளும், இழுக்கிற வேகத்தில் கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. உங்கள் சாக்கெட்டுக்கும் எங்கள் ஷட்டர் சாக்கெட்டுக்கும் பிளக் வடிவிலேயே சாக்கெட் டெஸ்டர் கிடைக்கிறது. மூன்று விளக்கு இருக்கும், எந்தெந்த விளக்கு எரிகிறது என்பதை வைத்து ஃபேஸ் நியூட்ரல் மாறியிருக்கிறதா, எர்த் விட்டிருக்கிறதா, நியூட்ரல் விட்டிருக்கிறதா என்று மேலேயே அச்சடித்திருப்பார்கள். செருகினால் போதும், உலோகம் எதுவும் கையில் படாது. மொட்டைமாடி மாதிரி ஆட்களுக்கு நான் முதலில் வாங்கச் சொல்வது இதைத்தான்.

இதிலும் ஒரு குருட்டுப்புள்ளி. நியூட்ரலும் எர்த்தும் இடம் மாறியிருந்தால் சாதாரண சாக்கெட் டெஸ்டர் "சரி" என்றே காட்டும். ஆர்.சி.சி.பி. (உங்கள் ட்ரிப் சுவிட்ச்) உள்ள வீட்டில் அந்த சாக்கெட்டில் அயர்ன் பாக்ஸ் போட்டதும் டிரிப் ஆனால் இந்தச் சந்தேகம் வரவேண்டும். அதற்கு முன் வேறு சாக்கெட்டிலும் அதே அயர்ன் பாக்ஸைப் போட்டுப் பாருங்கள், அங்கேயும் விழுந்தால் குற்றம் அயர்ன் பாக்ஸில்.

அடுக்களைமின் | 15 ஜூன், காலை 11.10

புது சுவிட்ச்போர்டில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூணும் வருது. கிரைண்டர் வயரில் நீலம் நியூட்ரல்னு போட்டிருக்கே?

காப்பர்கம்பி | 15 ஜூன், மதியம் 12.30

சாமானோடு வரும் வயரில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் கோடு எர்த். நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் வயரில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஒரே நீலம், உள்ளே ஃபேஸ், வெளியே நியூட்ரல். கிரைண்டர் வயரைப் பார்த்த ஞாபகத்தில் சுவர் நீலத்தைத் தொட்டால் தீர்ந்தது. நிறம் என்பது வயர் போட்ட ஆள் அன்றைக்குக் கையில் என்ன சுருள் வைத்திருந்தார் என்பதற்கு அத்தாட்சி, வேறொன்றுக்கும் இல்லை.

மீட்டர்மாமா | 16 ஜூன், காலை 7.20

சரி, மல்டிமீட்டர் பத்தி ஒருத்தரும் பேசலை. என் பேரே அதுதான். இணைப்புக் கழட்டின ஒரு கம்பியில 70 வோல்ட் காட்டுது. டெஸ்டரும் லேசா எரியுது. எங்கிருந்து வருது?

காப்பர்கம்பி | 16 ஜூன், காலை 9.00

பேய் வோல்ட்டேஜ். ஒரே பைப்பில் கரண்ட் உள்ள கம்பியோடு பல மீட்டர் ஒட்டி ஓடுவதால், எங்கும் சேராத கம்பியிலும் தூண்டலாக வோல்ட் ஏறி நிற்கும். டிஜிட்டல் மீட்டர் இழுக்கும் கரண்ட் துளியூண்டு, நல்ல மீட்டர்களின் உள்தடை 10 மெகா ஓம். அதனால் 40, 70, 90 என்று ஏதாவது காட்டும். டெஸ்டரும் எரியும், முதல் பதிவில் "பாதி சரி" என்றது இதனால்தான். வயர்மேன் சொன்ன லாம்ப்பை அதில் வைத்ததும் பேய் ஓடிவிடும், வோல்ட் பூஜ்யத்துக்கு வரும். நிஜக் கரண்ட் என்றால் லாம்ப் எரியும்.

மீட்டர் பிடிக்கும் முறை: கறுப்பு ப்ரோப் காம் (COM) என்று எழுதிய துளையில், சிவப்பு வோல்ட்-ஓம் துளையில். 10 ஆம்பியர் துளையில் சிவப்பு இருக்கும்போது சாக்கெட்டில் வைத்தால் அது வோல்ட் பார்ப்பது இல்லை, ஃபேஸையும் நியூட்ரலையும் கம்பி போட்டு இணைப்பது. மலிவு மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃபியூஸே கிடையாது, தீப்பொறி கையில். ஏசி வோல்ட்டில் 600 அல்லது 750 ரேஞ்சில் தொடங்குங்கள். ஓம், பீப் அடிக்கும் கன்டின்யூட்டி இரண்டும் எம்.சி.பி. இறக்கிய பிறகுதான். ஃபேன், மோட்டார் என்றால் கெப்பாசிட்டரில் தேங்கிய சார்ஜை பல்ப் வழியாக வடித்த பிறகு. ஸ்க்ரூடிரைவரை வைத்து "டப்" என்று ஷார்ட் செய்வது வேண்டாம், மோட்டார் ஸ்டார்ட் கெப்பாசிட்டர் 100 மைக்ரோஃபாரட் பக்கம் இருக்கும், நுனி உருகும்.

மீட்டரில் அச்சடித்திருக்கும் பாதுகாப்பு வகை கேட் 2 (CAT II) என்றால் சாக்கெட்டோடு நில்லுங்கள். டி.பி. பெட்டிக்குக் கேட் 3. ஈ.பி. மீட்டருக்கு முந்திய பக்கம் எதுவானாலும் நம் வேலை இல்லை.

சரியான சாக்கெட்டில் ஃபேஸ்-நியூட்ரல் 230 பக்கம், ஃபேஸ்-எர்த் ஏறக்குறைய அதே, நியூட்ரல்-எர்த் ஒன்றிரண்டு வோல்ட். கம்ப்யூட்டர் செருகியிருக்கும்போது நியூட்ரல்-எர்த் 110 பக்கம் காட்டினால் எர்த் விட்டிருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஃபில்டர் எர்த்தைப் பாதியில் தூக்கி நிறுத்துகிறது. கேபினெட்டைத் தொட்டால் விறுவிறு என்று இழுக்குமே, அந்தக் கதை.

மொட்டைமாடி | 16 ஜூன், காலை 9.20

கட்சியைக் கலைச்சாச்சு. சோலார் போட்டிருக்கேன், அந்த வயரை டெஸ்டர் வச்சு பார்க்கலாமா?

காப்பர்கம்பி | 16 ஜூன், காலை 9.35

கூடாது. பேனல் பக்கம் டிசி, வரிசையாகச் சேர்த்தால் சில நூறு வோல்ட், தரையோடு சேராமல் மிதக்கும். டெஸ்டர் எரியாது, ஆனால் இரண்டு கம்பியை ஒன்றாகத் தொட்டால் விடாது. வெயில் இருக்கும்வரை அணைக்கவும் முடியாது. போட்டவரைக் கூப்பிடுங்கள்.

அடுக்களைமின் | 2 நவம்பர், இரவு 7.45

மழையில் குளியலறைச் சுவரில் டெஸ்டர் வைத்தால் எரியுது!

காப்பர்கம்பி | 2 நவம்பர், இரவு 7.52

சுவரைத் தொடாமல், ஈரக்கால் இல்லாமல் போய் மெயினையும் இன்வெர்ட்டரையும் இறக்குங்கள். சுவர் பைப்புக்குள் தண்ணீர் இறங்கி ஜாயின்ட் நனைந்திருக்கும். ஈரக் கையோடு டெஸ்டரைப் பிடிக்காதீர்கள். டெஸ்டருக்குள் ஈரம் இறங்கினால் ரெசிஸ்டரைத் தாண்டி கரண்ட் நேரே விரலுக்கு வரும். காய்ந்தபின் எரியவில்லை என்று மறுபடி போடவும் வேண்டாம், ஜாயின்ட்டைத் திறந்து பார்த்தபின்தான் போடவேண்டும்.

மொட்டைமாடி | 9 நவம்பர், மாலை 6.00

60 வாட் குண்டு பல்ப் கடையில் இல்லைங்கிறான். எல்.இ.டி. போட்டு டெஸ்ட் லாம்ப் செய்யட்டுமா?

பழையவயர்மேன் | 9 நவம்பர், இரவு 8.40

எல்.இ.டி. பேய் வோல்ட்டுக்கும் மினுக்கும், 120 வோல்ட்டுக்கும் பல எல்.இ.டி. ஒரே வெளிச்சம் காட்டும். ஆகாது. பூஜை அறை ஜீரோ வாட் குண்டு பல்ப் இன்னும் கிடைக்கிறது, பேர்தான் ஜீரோ, 15 வாட் பக்கம் இழுக்கும். அதில் இரண்டு போடுங்கள். இரண்டும் ஒரே வாட்டாக இருக்கணும். வீட்டில் கிடக்கும் பழைய 60-ஐ ஒன்று, 15 ஒன்று என்று சேர்த்தால், 400 வோல்ட்டில் 15 வாட்டுக்காரன் தலையில்தான் 300-க்கு மேல் விழும், வெடிப்பான்.